டிரைலர் ஓட்டும் என் அண்ணனுக்குப் பலத்த குறட்டை, பகலில் கண் அசருகிறது. டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்கிறார். உண்மையா?

டாக்டரிடம் போனதற்காக லைசென்ஸ் போகாது. கனரக வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடும் படிவம் 1ஏ-யில் முக்கியமாகக் கண், காது, கை கால்தான் பார்க்கிறார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் அதை லைசென்ஸ் விதிகளுக்குள் கொண்டுவந்தது. அங்கேகூடச் சிகிச்சை எடுத்துக் கட்டுக்குள் வைத்திருக்கும் லாரி டிரைவர், வருடா வருடம் பரிசோதனை செய்துகொண்டு தொடர்ந்து ஓட்டலாம்.

என் அப்பா எண்ணூர் துறைமுகத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கன்டெய்னர் இழுப்பவர். அவருக்கு இந்த நோய் இருப்பதை முதலில் கவனித்தது கிளீனர் தம்பிதான். துறைமுக வரிசையில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும், அப்பா கேபினிலேயே படுத்துவிடுவார். "அக்கா, அண்ணன் குறட்டை விட்டுக்கிட்டே இருக்காரு, திடீர்னு மூச்சே நின்னுடுது, அப்புறம் திணறிக்கிட்டு முழிக்கிறாரு" என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அதுவரை நாங்கள் எல்லோரும் குறட்டை என்றால் அசந்து தூங்குகிறார் என்றே நினைத்திருந்தோம்.

நடப்பது நேர்மாறு. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று போகாது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிடும். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் என்றாலே கவனிக்க வேண்டும், முப்பதைத் தாண்டினால் தீவிரம். முழித்தது அவருக்கே நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு தூங்கியிருக்காது. அதே உடம்போடு ஸ்டியரிங் பிடிக்கிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 66 மீட்டர் போய்விடும். டீயும் முகம் கழுவுவதும் இதற்கு மருந்தல்ல.

அண்ணன் தூங்கும்போது போனில் வீடியோ எடுத்து, நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். பிபி இருக்கிறதா, காலையில் தலை வலிக்கிறதா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்பதையும் சொல்லுங்கள். ஒரு ராத்திரி ஒயர்களை மாட்டித் தூங்கவைத்துப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியில் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு சிபாப் மெஷின் கொடுத்தார்கள். மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1981-இல் எழுதி வெளியிட்ட முறை இது. விலை அதிகம்தான், ஆனால் வாடகைக்கும் கிடைக்கிறது. முதலில் வாடகைக்கு எடுத்து, முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கைத் தேடுங்கள். மாஸ்க் உறுத்துகிறது என்றுதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கேபினில் போட நினைத்தால், லாரி பேட்டரி 24 வோல்ட் என்று மெஷின் விற்பவரிடம் சொல்லி ஏற்ற கன்வெர்ட்டரை வாங்குங்கள். அப்பா கேபினிலும் மாஸ்க் போட்டுத்தான் படுக்கிறார். பகலில் கண் சொக்குவது நின்றுவிட்டது, ஓட்டுவதும் நிற்கவில்லை. இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

டெஸ்ட் முடிந்து சிகிச்சை பலன் தரும்வரை வண்டியை அவர் எடுக்காமல் இருப்பதே நல்லது. நீங்களே ஓனரிடம் பேசி, அதுவரை மாற்று டிரைவர் போடச் சொல்லுங்கள். ராத்திரி குவார்ட்டரும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.