கரண்ட் போவதற்குள் கண்ட்ரோல் எஸ்: மலை நண்பர்களின் கணினிக் கேள்விகளுக்குப் பதில்கள்

குன்னூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கணினியில் அன்றாடம் எங்கே தடுமாறுகிறீர்களோ அதைக் கேளுங்கள் என்று நீலகிரி நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். நொடிகளை மிச்சம் பிடிக்கும் குறுக்குவழிகள் எத்தனையோ உண்டு. நான் முதலில் சொல்லித்தருவது, செய்த வேலையைக் காணாமல் போகாமல் காப்பவற்றைத்தான்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வெலிங்டன்): வணக்கம் அம்மா. ஒரு பத்தியை காப்பி செய்துவிட்டு, ஒட்டுவதற்குள் மறதியாக இன்னொன்றை காப்பி செய்தால் முதலாவது போய்விடுகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு ஐயா. கண்ட்ரோல் + வி-க்குப் பதிலாக விண்டோஸ் + வி தட்டுங்கள். முதல் தடவை, இதை ஆன் செய்யவா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்பவற்றில் கடைசி 25 வரை வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். கணினியை அணைத்து எழுப்பினால் பட்டியல் காலியாகிவிடும். அடிக்கடி தேவைப்படும் முகவரி போன்றவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டூசி (பின்) குறியைச் சொடுக்கி வைத்தால் அவை மட்டும் தங்கும். ஒன்று கவனம்: பாஸ்வேர்டை காப்பி செய்தால் பெரும்பாலும் அதுவும் அந்த வரிசையில் வந்து நிற்கும். எங்களைப் போன்ற கடைகளின் கணினியில் வேலை முடித்து எழும்போது அதை அழித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி): அக்கா, எங்கள் குழுவின் இலைக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். உறுப்பினர்களின் பேங்க் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி எண் சைபராக மாறுகிறது. ஆதார் எண் அடித்தால் நடுவில் புள்ளி, பிளஸ் எல்லாம் வருகிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை தம்பி. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் தரக்கூடிய விஷயம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எக்செல் எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்டிக் கழிக்கப் போகிறோம் என்றே எடுத்துக்கொள்ளும். 11 இலக்கம் வரை அப்படியே காட்டும். 12 ஆனதும் சுருக்கி, இடையில் ஆங்கில இ (E) போட்டுக் காட்டும். ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம், அதனால்தான் அது அப்படித் தெரிகிறது. உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது, பயம் வேண்டாம். பேங்க் கணக்கு எண் கதை வேறு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16-ஆவது இலக்கம் எதுவாக இருந்தாலும் சைபராகிவிடும். பார்வைக்கு மட்டும் அல்ல, உள்ளேயும் அழிந்தே போகும். பிறகு எந்த ஃபார்மேட்டை மாற்றினாலும் திரும்ப வராது. சைபரில் தொடங்கும் கணக்கு எண் என்றால் முன்னால் இருக்கும் சைபரும் காணாமல் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். காலியாக இருக்கும்போதே, எண் அடிக்கப் போகும் காலம் (மேலிருந்து கீழாகப் போகும் கட்ட வரிசை) முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + 1 தட்டி, டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். அதற்கு அப்புறம்தான் எண்ணை அடிக்க வேண்டும். ஒன்றிரண்டு எண் மட்டும் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால் போதும், அது அச்சில் வராது. ஏற்கெனவே அடித்த பட்டியலை நம்பாதீர்கள். பாஸ்புக்கை வாங்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துத் திரும்ப அடியுங்கள். வேறு யாரோ ஒருவரின் கணக்கு எண்ணாக அது மாறியிருந்தால், இலைக் காசு எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிலோ, ரூபாய் இருக்கும் காலங்களை டெக்ஸ்ட் ஆக்கிவிடாதீர்கள், கூட்டல் வராது. கூட்டலுக்கு ஆல்ட் + சமக்குறி. இன்றைய தேதி போட கண்ட்ரோல் + அரைப்புள்ளி. மேல் கட்டத்தில் இருப்பதே கீழேயும் வேண்டுமென்றால் கண்ட்ரோல் + டி (D).

கேள்வி (கல்லூரி மாணவி, கூடலூர்): திரையில் ஒரு பகுதியை மட்டும் படம் எடுப்பது எப்படி அக்கா?

பதில்: விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். திரை மங்கும், வேண்டிய இடத்தை இழுத்து எடுங்கள்.

கேள்வி (கட்டபெட்டு): மூன்று பக்கம் அடித்திருந்தேன் மேடம். கரண்ட் போய் வந்து திறந்தால் ஒன்றுமே இல்லை.

பதில்: ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தாலே போதும், நம் வேலை நின்றுவிடும். ஆகவே டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து ஒரு வரி அடிப்பதற்கு முன்பே கண்ட்ரோல் + எஸ் தட்டி ஃபைலுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தி முடிவிலும் அதையே தட்டுங்கள். முற்றுப்புள்ளி வைத்ததும் கை தானாக கண்ட்ரோல் + எஸ்-க்குப் போகிற அளவுக்குப் பழக வேண்டும்.

உங்கள் மூன்று பக்கத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் என்று போனால், சேமிக்காத ஃபைல்களை மீட்கும் வழி இருக்கும். வேர்ட் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நகல் எடுத்து வைக்கும், அதுதான் அங்கே கிடைக்கும். ஆப்ஷன்ஸில் சேவ் என்ற பகுதியில் அந்தப் பத்தை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் எட்டு நிமிட வேலை என்பது பெரிய விஷயம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடியில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்று சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

கேள்வி (ஹோம்ஸ்டே நடத்துபவர், ஊட்டி): புக்கிங் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும்போது கை தவறி மூடிவிடுகிறேன். அப்புறம், வெளியூர் விருந்தினர்கள் இ-பாஸ் பற்றியும் கேட்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

பதில்: மூடிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி (T). மறுபடி மறுபடி தட்டினால் அதற்கு முன் மூடியவையும் ஒவ்வொன்றாக வரும். இ-பாஸ் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்வதே சரி.

கேள்வி (அரவங்காடு): ஒரு சினிமா தளத்தில், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் + ஆர், பிறகு கண்ட்ரோல் + வி, பிறகு என்டர் தட்டச் சொன்னது. தட்டலாமா?

பதில்: தட்டவே கூடாது! இதை எல்லாரும் படியுங்கள்.

விண்டோஸ் + ஆர் என்பது கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் பெட்டியைத் திறப்பது. நீங்கள் அந்தப் பக்கத்தில் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைச் சொடுக்கியபோதே, அது உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை காப்பி செய்து வைத்துவிட்டது. கண்ட்ரோல் + வி அதைப் பெட்டியில் ஒட்டும், என்டர் அதை ஓடவிடும். பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் உங்கள் கையாலேயே உள்ளே வந்துவிடும். நேர்மையான எந்தத் தளமும் இந்த மூன்றையும் தட்டச் சொல்லாது. ஏற்கெனவே தட்டியவர்கள் நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி (குந்தா): காப்பி செய்தது அழியாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவரின் அம்மா, குன்னூர்): அடிக்க அடிக்க முன்னால் இருக்கும் எழுத்து அழிந்துகொண்டே போகிறது. கீபோர்டு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. கை பட்டு இன்சர்ட் பட்டன் அழுந்தியிருக்கும், இன்னொரு முறை அழுத்துங்கள். எழுத்துக்குப் பதிலாக எண் வந்தால் நம்லாக்.

கேள்வி (கேத்தி): ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி?

பதில்: கூடலூர் மாணவிக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (தமிழ் ஆர்வலர், கோத்தகிரி): கணினியில் தமிழ் அடிக்க எது நல்லது? புதிதாகத் தொடங்குகிறேன்.

பதில்: தமிழ்99. வேறு யோசனையே வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஊட்டி என்று அடிக்க ஊ, ட, ட, இ என நாலே தட்டு. ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப வந்தாலும் புள்ளி தானே வரும். கொழுந்து என்பதற்குப் புள்ளியைத் தொடவே வேண்டாம். பப்பாளி மாதிரி சொல்லில் முதல் ப-வுக்குப் பின் அ தட்டினால் அங்கே புள்ளி விழாது. விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் + ஸ்பேஸ்.

மறுப்பு (ஐடி ஊழியர், கூடலூர்): அக்கா, இது ஒருதலைப்பட்சம். அஞ்சல் முறையில் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் அம்மா வந்துவிடும். இன்றே தொடங்கலாம். தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ள யாருக்கு நேரம்?

பதில்: அஞ்சலும் நல்ல முறைதான் தம்பி, விண்டோஸிலேயே இருக்கிறது. இன்றே தொடங்கலாம் என்பதும் உண்மை. ஆனால் ன, ண, ந எது, ல, ள, ழ எது என்று ஒவ்வொரு முறையும் ஷிஃப்டையும் ஆங்கில எழுத்தையும் நினைத்தே அடிக்க வேண்டும். கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், பள்ளிக்கூடம் என்ற சொல்லில் எந்த ல என்று கை நிற்கிறது. தமிழ்99-இல் ள-வுக்கு ஒரு விசை, ழ-வுக்கு ஒரு விசை, குழப்பமே இல்லை. தமிழ் எழுதத் தொடங்கும் பிள்ளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வர வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

மறுப்பு (ஓய்வுபெற்ற அரசு அலுவலகத் தட்டச்சர், உதகை): இருவரும் சொல்வது சரியில்லை அம்மா. பழைய தட்டச்சு அமைப்பில் தேர்வு எழுதித் தேறியவர்கள் நாங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்போம். அதை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை ஐயா. கையில் ஏறிய பழக்கம் ஒரு சொத்து, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். அதே தட்டச்சு அமைப்பில் யூனிகோடு (எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் எழுத்து முறை) அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. விட வேண்டியது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை மட்டும்தான். அதில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்து. கண்ட்ரோல் + எஃப் போட்டு யூனிகோடில் குன்னூர் என்று தேடினால் கிடைக்காது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும்.

மறுப்பு (ஐடி ஊழியர், கூடலூர்): இப்போது பேசினாலே தமிழில் எழுதுகிறதே. கீபோர்டே எதற்கு?

பதில்: கூகுள் டாக்ஸில் பேசி எழுதலாம், நன்றாகவே வருகிறது. நெட் வேண்டும், சத்தமில்லாத இடம் வேண்டும், ஒற்றுப்பிழையை நாம்தான் திருத்த வேண்டும். திருத்தவும் கீபோர்டு வேண்டும் தம்பி!

கேள்வி (எடப்பள்ளி): படுக மொழிப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் அடிக்க தமிழ்99 போதுமா?

பதில்: போதும். தமிழ் எழுத்தில் நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் தமிழ்99-இல் அடிக்கலாம். அவசியம் அடித்து வையுங்கள், ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

கேள்வி (லவ்டேல்): ஸ்கிரீன்ஷாட்...

பதில்: மேலே.

கேள்வி (குன்னூர்): விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டுமா?

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பேங்க் வேலை பார்க்கும் கணினி என்றால் மாற்றுங்கள். உங்கள் கணினியில் 11 ஓடுமா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி (அரவங்காடு): அந்த மூன்று விசை விஷயம், என் மகன் ஏற்கெனவே தட்டிவிட்டான். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதுதான் அதன் வேலையே. மேலே சொன்னபடி நெட்டைத் துண்டித்து, வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றுங்கள். பிறகு தேவையான ஃபைல்களை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

கேள்வி (தட்டச்சர், உதகை): உங்கள் பதிலை ஏற்கிறேன் அம்மா. ஆனால் பாமினியில் அடித்த ஃபைல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனி பென்டிரைவில் வையுங்கள், அதைத் தொடவே கூடாது. பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழ் என்றே எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். அதனால் மாற்றிய ஃபைலையும் பழைய அச்சுப் பிரதியையும் பக்கத்தில் வைத்து, பெயர்களையும் ஆங்கிலம் வரும் இடங்களையும் வரிவரியாக ஒத்துப் பாருங்கள். அந்தப் பழைய எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஃபைல்கள் அதிகம் என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே மாற்றலாம்.