மேசைமேல் ஒரு சின்னக் கடல்: எதை வளர்க்கலாம்?

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் 30 லிட்டர் கண்ணாடித் தொட்டியை அலுவலக மேசையில் வைத்துக் கடல் நீர்த் தொட்டியாக்க ஆசை. நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. எல்லோரும் வைக்கும் கோமாளி மீன் வேண்டாம், வித்தியாசமாக ஏதாவது சொல்லுங்கள். கடல் குதிரை சரிவருமா?

பதில்: கடல் குதிரையை விட்டுவிடுங்கள். அதற்கு இரைப்பையே கிடையாது. தின்றது உடனே செரித்து வெளியேறிவிடுவதால் ஒரு நாளைக்குப் பல தடவை உணவு கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தில் அது நடக்காது. அதோடு, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் 2001-இல் கடல் குதிரையைச் சேர்த்தார்கள். பவளமும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது பவளக்கல்லை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொட்டிக்கென்றே பீங்கானில் செய்த துளைக்கல் போதும்.

மணலும் கல்லும் போக உங்கள் தொட்டியில் 25 லிட்டர் தண்ணீர் நின்றாலே அதிகம். இவ்வளவு சின்ன இடத்தில் நிறத்துக்காக மீன் வாங்கினால், அது முன்னும் பின்னும் நீந்துவதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. நாள் முழுக்க ஏதாவது வேலை செய்துகொண்டே இருக்கும் உயிர்களைத் தேர்ந்தெடுங்கள். அவை பெரும்பாலும் விரல்நுனி அளவுள்ள இறாலும் நண்டும்தான்.

என் முதல் தேர்வு, துப்பாக்கி இறாலும் கோபி மீனும் சேர்ந்த ஜோடி. இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு, ஆனால் வளை தோண்டுவதில் கெட்டி. கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் மண்ணை அள்ளி அள்ளி வெளியே கொட்டும்போது வாசலில் மீன் காவல் நிற்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் இறாலின் உணர்கொம்பு ஒன்று மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். நீங்கள் கையை அசைத்தால் மீன் வாலைச் சற்றுத் துடிக்கவிடும். அடுத்த நொடி இறால் உள்ளே போய்விடும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அந்தக் கொம்பு தொடும் இடத்திலேயே இன்னும் என் கண் நிற்கிறது.

அவ்வப்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். தொட்டி விரிசல் விட்டதோ என்று பயப்பட வேண்டாம். இறால் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. கொடுக்கின் இரு பக்கமும் மோதும் ஓசைதான் என்று முன்பு நினைத்தார்கள். குமிழி உடைவதுதான் காரணம் என்று 2000-இல்தான் தெளிவானது.

துப்பாக்கி இறால் வகைகளில் 3 செ.மீ. தாண்டாத, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ராண்டல் இறாலைக் கேளுங்கள். டைகர் வகை பெரிது, தொட்டியையே புரட்டிப்போடும். மீனில் யாஷா போன்ற சின்ன கோபி. 30 லிட்டர் என்பது இந்த ஜோடிக்குக் கீழ் எல்லை, வேறு மீன் சேர்க்கக் கூடாது. கல்லை முதலில் கண்ணாடித் தரையில் அசையாமல் வைத்து, அப்புறம் மணலைப் போடுங்கள். மணல்மேல் கல் வைத்தால் இறால் அடியில் தோண்ட, கல் சரிந்து நசுக்கிவிடும். மணல் 5 செ.மீ. ஆழம் இருக்கட்டும், உடைந்த கிளிஞ்சலும் கலந்திருக்கட்டும். கோபி துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம்.

மீனே வேண்டாம் என்றால் பாக்சர் நண்டு. 2 செ.மீ. உடம்பு, இரண்டு கொடுக்கிலும் கொடுக்குக்கு ஒன்றாகக் குட்டிக் கடல் சாமந்தியை (பூப்போல விரியும் கடல் உயிர்) பிடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரர் மாதிரி ஆட்டும். ஒன்றைப் பிடுங்கிவிட்டால், மிச்சமுள்ளதை இரண்டாகக் கிழித்து இரு கையிலும் வைத்துக்கொள்ளும். செங்கடல் நண்டுகளில் இதைச் சோதித்து இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். இதனுடன் நாலைந்து செக்ஸி இறால்களை விடலாம். வாலை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே திரியும். துப்பாக்கி இறாலோடு மட்டும் இவற்றைச் சேர்க்காதீர்கள், இரையாகிவிடும். ஒரு நாள் காலையில் நண்டு கால் கையோடு செத்துக் கிடப்பதுபோலத் தெரிந்தால் அவசரப்பட்டு எடுத்து எறியாதீர்கள். அது உரித்துப்போட்ட ஓடாக இருக்கும். நண்டு கல்லிடுக்கில் பதுங்கியிருக்கும்.

ஹார்லிக்வின் இறால் அழகுதான், ஆனால் நட்சத்திர மீனைத் தவிர எதையும் தின்னாது. நீல வளைய ஆக்டோபஸ் ஆளையே கொல்லும், பேச்சே வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது உங்கள் பழைய தொட்டி. அதில் எப்போதாவது வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் புதுத் தொட்டி வாங்குங்கள். தொட்டியில் தங்கியிருக்கும் தாமிரத்தை மீன் தாங்கினாலும் இறாலும் நண்டும் தாங்காது.

அடுத்தது வார இறுதி. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். 25 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 38-ஐத் தொடும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். விடுமுறைக்குத் தானாக நிரப்பும் கருவி வைத்துவிடுங்கள். ஏசி நிற்கும் நாட்களில் வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். தண்ணீர்ப்பரப்பின்மேல் வீசும் ஒரு சின்ன விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் ஆவியாவதும் கூடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தொட்டி பக்குவப்பட, அதாவது கழிவை முறிக்கும் பாக்டீரியா அதில் வளர, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரைச் சோதித்து, கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே உயிர்களை வாங்குங்கள். மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள். துப்பாக்கி இறால் உள்ளே போனதும் ஒன்றிரண்டு வாரம் கண்ணிலேயே படாமல் இருக்கலாம். மணலைக் கிளறித் தேடாதீர்கள். கோபி எந்த ஓட்டை வாசலில் நிற்கிறது என்று பாருங்கள், இறால் அங்கேதான் இருக்கும்.