கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கலாமா?

கேள்வி: சென்னை ஆதம்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. நான் நங்கநல்லூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகனுக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. மாமியாருக்கு 74 வயது. தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில், நாலாவது மாடியில் 55 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கையில் 15 லட்சம் இருக்கிறது. ‘வாடகை கொடுப்பது வீண்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ‘மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறிவிடும்’ என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. ‘எல்லாம் போனிலேயே நடக்கிறது, ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் தூரமெல்லாம் பிரச்னையே இல்லை’ என்கிறான் மகன். மாதக் கடைசிக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: உங்கள் மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது, சகோதரி. இந்த மாதம் அட்வான்ஸ் கட்டாதீர்கள். வீடே வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கூடுவாஞ்சேரியிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு மழைக்காலமாவது குடும்பத்தோடு இருந்து பாருங்கள். வாடகை ஆதம்பாக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

‘வாடகை வீண்’ என்கிற பேச்சுக்கு முதலில் வருகிறேன். நீங்கள் 10 லட்சம் போட்டு, மீதி 45 லட்சத்துக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் கிட்டத்தட்ட 31,900 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஏழாயிரத்துச் சொச்சம்தான். வாடகை திரும்பி வராது என்றால் இந்த வட்டியும் திரும்பி வராது. இதை யாரும் கல்யாண வீட்டில் உட்கார்ந்து சொல்வதில்லை. அப்புறம், கட்டி முடிக்காத வீடு என்பதால் 5 சதவீத ஜி.எஸ்.டி. வரி உண்டு, அதுவே 2,75,000. அதற்கு மேல் பத்திரப் பதிவு, அலமாரி, சமையலறை வேலை. கையிலிருக்கும் 15 லட்சமும் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கரைந்துவிடும். மாமியாரின் வயதை நினைத்தால், அவசரத்துக்கு என்று ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெட்ரோ பற்றி. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் பதினைந்தரை கிலோமீட்டருக்கு நீட்டிக்கும் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது முடிகிற இடம் கிளாம்பாக்கம். அதற்கப்பால் ஊரப்பாக்கம் தாண்டித்தான் கூடுவாஞ்சேரி. அதாவது மெட்ரோ ஓட ஆரம்பித்தாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. உங்களுக்கு நம்பிக்கை மின்சார ரயில்தான், அது நல்ல நம்பிக்கையும்கூட. பழவந்தாங்கலில் நீங்கள் இறங்கலாம், கிண்டியில் கணவர் இறங்கலாம்; ரயிலில் இருக்கும் நேரம் முக்கால் மணிக்குள்தான். ஆனால் தாம்பரத்தில் கிளம்பும் வண்டிகள் அளவுக்குச் செங்கல்பட்டிலிருந்து கூடுவாஞ்சேரி வழியாக வரும் வண்டிகள் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, இந்தப் பக்கம் இறங்கிப் பள்ளிக்கு நடை, இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விற்பனைப் பிரதிநிதி உங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான ஜி.எஸ்.டி. சாலையில் (தாம்பரம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை) காரில் கூட்டிப்போயிருப்பார். நீங்கள் ஒரு திங்கட்கிழமை ஏழு மணிக்கு அந்தக் கட்டிட வாசலில் நின்று பள்ளிக்குக் கிளம்பிப் பாருங்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்புங்கள். வந்து சேர்ந்ததும் இட்லி மாவு எடுக்க உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வாங்கும் கணக்கில் ஆண்களின் அலுவலகத் தூரத்தைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வேலை இருப்பதை யாரும் அளப்பதில்லை. உங்கள் வீட்டில் அதை அளந்தே ஆக வேண்டும்.

மகன் சொல்வதில் பாதி சரி. ஸ்கூட்டர் ஸ்டேஷனுக்குப் போய்வர அருமையான வசதி. அதையே நம்பி கிண்டிக்கு என்றால் போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவில். நான் அனுப்ப மாட்டேன். பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து சார்ஜ் பாயிண்ட் தருவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை என்பது கம்பெனி கொடுத்த சலுகை. ஒரே மெயிலில் அது போய்விடலாம். அதை நம்பி 20 வருடக் கடன் வாங்கக் கூடாது.

போனில் மளிகை வரும், மருந்து வரும். ஆனால் உங்கள் மாமியாருக்கு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வருமா? தெரிந்த டாக்டர், பெயர் சொல்லிக் கூப்பிடும் மருந்துக்கடைக்காரர், சாயங்காலம் திண்ணையில் பேசுகிற இரண்டு பேர், எல்லாம் ஆதம்பாக்கத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள். நீங்கள் மூவரும் வேலைக்குக் கிளம்புகிற நாட்களில், நாலாவது மாடியில், ஏழரை மணியிலிருந்து இருட்டும்வரை அவர் தனியாக இருப்பார். கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா? ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் சேர்த்தா, வராந்தா விளக்குக்கு மட்டுமா? உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று மட்டும் இல்லை. இன்றைக்கே கேளுங்கள்.

மழைக்காலத்தில் இருந்து பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் ஏரிகள் நிறைந்த பூமி. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு நமக்குத் தெரியும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த மாதம் போர்வெல் வற்றி டேங்கர் லாரி வருகிறது என்பதைக் குடியிருப்பவர்கள்தான் சொல்வார்கள். டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும்.

இருந்து பார்த்தபின் எல்லோருக்கும் பிடித்துப்போனால் தாராளமாக வாங்குங்கள். அப்போதும் கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீடாகப் பாருங்கள், ஜி.எஸ்.டி. மிச்சம், குழாயைத் திறந்து தண்ணீரைச் சுவைத்தும் பார்க்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், ஆனால் பதிவாகாத சிக்கல்கள் அதில் தெரியாது. அதனால் தாய்ப் பத்திரத்தை (நிலத்தின் பழைய மூலப் பத்திரம்) ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபார்த்து, கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடம் எவ்வளவு, யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று சதுர அடியில் கேளுங்கள்.

அந்த 2 லட்சத்தை வீட்டில் மற்றவர்கள் கட்டியே தீருவது என்று நின்றால், வேண்டாமென்று சொன்னால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். ரேரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கு அது ஐந்தரை லட்சம். எழுதித் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.