பதில்: மகள் வலைப்பந்தை விட்டுவிட்டாள்

அக்கா, தோழி அணியிலிருந்து விலகியதும் உங்கள் பத்தாம் ஆண்டு மகளும் வலைப்பந்தை விட்டுவிட்டாள், எவ்வளவு ஏசியும் மைதானத்துக்குப் போகிறாளில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏசுவதை முதலில் நிப்பாட்டுங்கள். இந்த வயதில் விளையாட்டில் பாதி, கூட்டாளியோடு இருப்பதுதான்.

தோழியின் அம்மாவோடு கதைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை ஏன் விலகினாள்? ரியூசன் நேரம் இடிக்கிறதா, யாராவது உடம்பைப் பற்றிக் கேலி பேசினார்களா? கேலி என்றால் விளையாட்டு ஆசிரியைக்குத் தெரிய வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் ஒதுங்குவது அதனால்தான்.

அணிக்குத் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை. ஓட்டோவை விட்டு, இருவரும் சேர்ந்து ரியூசனுக்குச் சைக்கிளில் போகட்டும். மட்டக்களப்புக் கல்லடியில்தானே இருக்கிறீர்கள், வெயில் தாழ பழைய பாலத்தில் வேகமாக நடக்கலாம், கடற்கரையில் மட்டையும் பந்தும் எடுத்து எல்லே விளையாடலாம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்வது, நாளுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவு அசைவு. துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். 2016 தரவுகளின்படி உலகில் 11–17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் அதை எட்டவில்லை; உங்கள் மகள் மட்டும் சோம்பேறி இல்லை.

அப்புறம், தோழியோடு ஒப்பிட்டுப் பேசிவிடாதீர்கள். இருக்கிற கூட்டும் உடைந்துவிடும்.