ஒரு கிலோ தசைக்கு எத்தனை கலோரி?

கேள்வி: ஒரு கிலோ தசை கூடினால், சும்மா உட்கார்ந்திருந்தாலே தினம் 100 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். நம்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நம்பாதீர்கள். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் சுமார் 13 கலோரிதான் செலவிடும். ஒரு கிலோ கொழுப்புக்கு நாலரை. பெருஞ்செலவெல்லாம் உள்ளுறுப்புகளுக்கு: கிலோவுக்குக் கல்லீரல் 200, மூளை 240, இதயமும் சிறுநீரகமும் தலா 440. உடல் எடையில் இவை எல்லாம் சேர்ந்தே ஐந்தாறு சதவீதம்தான். ஆனால் ஓய்வுநேரச் செலவில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போகிறது.

ஓய்வில் ஒரு நாளைக்கு ஆகும் கலோரியைக் கணக்கிட, ஜிம்களில் புழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து, மிச்சத்தை 21.6-ஆல் பெருக்கி, 370-ஐக் கூட்ட வேண்டும். 70 கிலோ எடையுள்ள இரு பெண்களில் ஒருவருக்குக் கொழுப்பு 25 சதவீதம், மற்றவருக்கு 40 என்றால், முதலாமவருக்கு 1,504 கலோரி, அடுத்தவருக்கு 1,277. ஒரே எடை, 227 கலோரி வித்தியாசம்! இதைப் பார்த்துத்தான் தசைக்கு இல்லாத பெருமையெல்லாம் சேர்கிறது. கழித்தபின் நிற்கும் எடையில் தசையோடு கல்லீரல், மூளை, சிறுநீரகம் எல்லாமே அடக்கம் என்பது மறந்துபோகிறது. டம்பெல் தூக்கினால் வளர்வது தசை, கல்லீரல் அல்ல. ஆகவே 3 கிலோ தசை கூடினால் 39 கலோரி, ஏறக்குறைய ஒரு சின்ன இட்லி.

அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரிதும் உள்வாங்குவது தசைதான். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைப் பயிற்சியும் போதிய புரதமும் அதைத் தடுக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு எடை மெஷின் காட்டும் ‘பிஎம்ஆர்’ (ஓய்வில் உடம்பு ஒரு நாளைக்குச் செலவிடும் கலோரி) காலையில் ஒன்று, இரவில் ஒன்றாக இருக்கிறது. மெஷின் பழுதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பழுதில்லை. அது கலோரியை அளப்பதே இல்லை. பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு உடம்பு காட்டும் தடையிலிருந்து கொழுப்பை ஊகித்து, மிச்சத்தைச் சூத்திரத்தில் போடுகிறது. குடித்த தண்ணீர், வியர்வை, காய்ந்த பாதம் எல்லாமே அந்தத் தடையை மாற்றும். 65 கிலோ எடையில் கொழுப்பு 4 சதவீதம் பிசகினால், மேலே சொன்ன சூத்திரப்படி 56 கலோரி பிசகும். காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் குடிக்குமுன், ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். ஒருநாள் எண்ணைவிட வாரச் சராசரியை நம்பலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது.

உண்மையான அளவு மூச்சில் இருக்கிறது. இரவு முழுக்க வெறும்வயிறு, அரைமணி நேரம் அசையாமல் படுக்கை, பிறகு முகத்தின்மேல் கூண்டு மாட்டி, உடம்பு செலவிடும் ஆக்ஸிஜனை அளப்பார்கள். நிமிடத்துக்கு 200 மில்லி என்றால் நாளைக்கு 288 லிட்டர், லிட்டருக்கு 4.8 கலோரி வீதம் சுமார் 1,380.