பெரிய செய்தி எதுவும் இல்லாமலே பங்குச் சந்தை ஒரே நாளில் சரிவது எப்படி?

பங்குச் சந்தை ஒரு சிக்கல் அமைப்பு. அதாவது, பலர் ஒருவரையொருவர் கவனித்து முடிவெடுக்க, அந்த முடிவுகளே அடுத்தவர்களின் முடிவுகளுக்குக் காரணமாகும் அமைப்பு. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தாலும் மொத்தத்தின் போக்கு பிடிபடாது.

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீடு 22.6 சதவீதம் விழுந்தது. அந்த வீழ்ச்சிக்கு ஈடான செய்தி எதுவும் அன்று வரவில்லை. ஆனால் பல பெரிய முதலீட்டாளர்கள் நட்டத்தைக் கட்டுப்படுத்த, ‘விலை இறங்கினால் விற்றுவிடு’ என்ற விதியைப் பின்பற்றிவந்தார்கள். ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் அது நல்ல விதிதான். பலரும் அதையே கையாண்டபோது விற்பனை விலையை இறக்கியது. இறங்கிய விலை மேலும் விற்பனையைக் கிளப்பியது. அவரவர் தேடிய பாதுகாப்பே எல்லோருக்கும் ஆபத்தாக முடிந்ததுதான் இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

கல்யாண மண்டபத்தில் சிலர் வாசலை நோக்கி விரைந்தால், காரணம் தெரியாமலே மற்றவர்களும் விரைவார்கள். நெரிசல் அப்படித்தான் பிறக்கிறது. சரிவு ஒரு வரம்பைத் தாண்டினால் வணிகத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் ஏற்பாடு 1988இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் வந்ததும் இதனால்தான்.

இத்தகைய சிக்கல் அமைப்புகளை ஆராயும் அறிவியல் அடுத்த சரிவின் தேதியைச் சொல்லிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அதனால் முடியாது, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் நிலையை அடையாளம் காணவே அது உதவும்.