கேளும் வே, சொல்லுதேன்: பாட்டு ஓடுது, சத்தத்த காணோம்

கேள்வி: அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் பக்கத்துல மைக்செட் போடுதேன். பாட்டெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர்லதான் கெடக்கு. மானிட்டர் எரிஞ்சு போச்சேன்னு போன வாரம் புதுசு ஒண்ணு வாங்கி மாட்டுனேன், அன்னைலேருந்து பாட்டு ஓடுது, கோடு நகருது, ஆனா ஒரு பொட்டு சத்தம் இல்ல. கடைல கேட்டா சவுண்ட் கார்டு போயிட்டு, மதர்போர்டையே மாத்தணும்னு சொல்லுதாங்க. வார செவ்வா அம்மன் கொடை, என்ன செய்ய?

பதில்: போர்ட கீர்ட மாத்திராதேயும் வே, துட்ட மடில வச்சுக்கிடும். பதில நீரே எழுதிட்டீரு, புது மானிட்டர் மாட்டுன அன்னைலேருந்துதான்னு. பழைய மானிட்டருக்கு நீல முனை வச்ச விஜிஏ வயரு இருந்திருக்கும், அதுல படம் மட்டுந்தான் போவும். புதுசுக்கு எச்டிஎம்ஐ போட்டிருப்பீரு, அது படத்தையும் சத்தத்தையும் ஒண்ணா கொண்டு போவுத வயரு, அதனால விண்டோஸு ஆஹா புதுசா ஸ்பீக்கர் வந்திருக்குன்னு நெனச்சு பாட்ட பூரா மானிட்டருக்கு தள்ளிவிட்டுரும், மானிட்டர்ல ஸ்பீக்கரே இல்லேன்னாலும் சில நேரம் இந்த கூத்து நடக்கும். கன்னடியன் கால்வாய்ல மடைய மாத்தி தொறந்தா தண்ணி அடுத்தவன் வயலுக்குத்தான பாயும்.

மடைய திருப்புதது லேசு. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கும், ஒரு சின்ன பெட்டி வரும், அதுல எம் எம் எஸ் ஒய் எஸ், ஒரு புள்ளி, சி பி எல்னு எடவெளி விடாம அடிச்சு என்டர் தட்டும். பிளேபேக்குன்னு ஒரு லிஸ்ட் வரும், இப்ப பச்ச டிக்கு மானிட்டர் பேருல நிக்கும்னுதான் நெனைக்கேன். அதுலயே ஸ்பீக்கர்ஸ்னு இருக்கும், கீழ ரியல்டெக்குன்னோ ஹை டெஃபனிஷன் ஆடியோன்னோ போட்டிருக்கும், அத தொட்டு செட் டீஃபால்ட் குடுத்து ஓகே போட்டா சோலி முடிஞ்சிது. ஸ்பீக்கர்ஸையே காணோம்னா வெறும் எடத்துல ரைட் கிளிக் பண்ணி ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ் டிக் பண்ணும், அணைச்சு வச்சதும் தெரியும், எனேபிள் பண்ணிக்கிடலாம்.

பாட்ட ஓடவிட்டுட்டு அந்த லிஸ்ட்டயே ஒரு நிமிசம் பாரும். வலது பக்கம் குட்டியா ஒரு கோடு பச்சையா ஏறி எறங்கும். அது எந்த பேருக்கு நேரா ஆடுதோ அங்கதான் சத்தம் போவுது. ஸ்பீக்கர்ஸுக்கு நேரா ஆடியும் ஒண்ணும் கேக்கலேன்னா கம்ப்யூட்டரு தன் வேலைய செஞ்சிட்டு, கோளாறு அதுக்கு வெளியதான். பின்னால பச்ச ஓட்டைலதான் ஆம்ப்ளிஃபயருக்கு போவுத வயரோட பின்ன சொருவியிருக்கீரான்னு பாரும், ரோஸ் கலரு மைக்குக்கு, நீலம் வெளிய இருந்து சத்தம் உள்ள வாரதுக்கு. அதே பின்ன போன்ல சொருவி பாட்டு போட்டு பாரும், இப்ப நெறைய போன்ல ஓட்டையே கெடையாது, வீட்டு மூலைல கெடக்க பழைய போன் ஒண்ண எடும். போன்லயும் கேக்கலேன்னா வயரோ ஆம்ப்ளிஃபயரோதான். எங்க தெரு கல்யாணத்துல நானே ஒரு மணி நேரம் டிரைவர, அதான் சவுண்ட் கார்ட வேல செய்ய வைக்குத சாஃப்ட்வேர, மாத்தி மாத்தி போட்டு மண்டைய ஒடச்சேன், கடைசில பாத்தா ஆம்ப்ளிஃபயர்ல மைக் நாபு ஏறி நிக்கு, கம்ப்யூட்டர் மாட்டுன ஆக்ஸ் நாபு பூஜ்யத்துல கெடக்கு. பந்தில இருந்தவன் பூரா சிரிச்சான்.

ஸ்பீக்கர்ஸ் பேரே எங்கயும் வரலேன்னாதான் டிவைஸ் மேனேஜருக்கு போணும், கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்க சாமான் பேரெல்லாம் விண்டோஸ் அங்கதான் காட்டும். மஞ்ச முக்கோணம் நின்னா அத அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் போடும், விண்டோஸே திரும்ப போட்டுக்கிடும், அதுக்கும் மசியலேன்னா போர்டு கம்பெனி சைட்டுல உம்ம மாடலுக்குன்னு இருக்க ஆடியோ டிரைவர எறக்கி போடும். அங்க பேரே இல்லேன்னா பயாஸ்ல, அதான் விண்டோஸ் வாரதுக்கு முன்னால தொறக்குத செட்டிங்ல, ஆன்போர்டு ஆடியோ டிஸேபிள் ஆயிருக்கான்னு பாக்கணும். அப்பயும் வரலேன்னா சரி, நெசமாவே போயிட்டுன்னு வச்சுக்கிடலாம், ஆனா அதுக்கும் போர்டு மாத்த வேண்டாம் வே, யுஎஸ்பி சவுண்ட் கார்டு சில நூறு ரூவாதான், பென்டிரைவ் மாதிரி சொருவுனா போதும்.

கேள்வி: நான் உவரி பக்கம், வீட்டுல டியூசன் எடுக்கேன் அண்ணாச்சி. தனியா போட்ட சவுண்ட் கார்டு, சில நாள் வேல செய்யுது, சில நாள் செய்யல.

பதில்: கடக்கரைல இருக்கீங்க தாயி, உப்புக்காத்துல செம்பும் பித்தளையுமே கறுத்துரும். கரண்ட அணைச்சு பிளக்க உருவிட்டு, கார்ட கழட்டி அந்த தங்க நெற பல்லுகள வெள்ள ரப்பரால பைய தேச்சு, தூசிய ஊதிட்டு திரும்ப அழுத்தி மாட்டி ஸ்குரூவ முறுக்குங்க. இன்னொண்ணு, உங்க கம்ப்யூட்டருக்கு பின்னால இப்ப ரெண்டு பச்ச ஓட்டை இருக்கும், போர்டோடது ஒண்ணு, கார்டோடது ஒண்ணு. புள்ளைக எதையாவது உருவி மாத்தி சொருவுதான்னு ஒரு கண்ணு வைங்க.

கேள்வி: பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கேன் அண்ணாச்சி, விண்டோஸுக்கு பதிலா உபுண்டு போட்டேன், சத்தம் வரல.

பதில்: ஏல, டெர்மினல்னு கட்டளை அடிக்குத ஜன்னல் ஒண்ணு இருக்கும், அதுல அல்சாமிக்சர்னு இங்கிலீஷ்ல அடி, ஏ எல் எஸ் ஏ எம் ஐ எக்ஸ் இ ஆர், எல்லாம் சின்ன எழுத்து, எடவெளி விடாத. எஃப்6 அமுக்கி கார்ட தேர்ந்தெடு. மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் அடில எம்எம்னு நின்னா வாய கட்டி வச்சிருக்குன்னு அர்த்தம், எம் எழுத்த தட்டுனா பேசும்.